சத்தம் வராத தீனி வேண்டாம்

போன வாரம் நம் பள்ளிக்கூட வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்வியைப் பார்த்தீர்கள்தானே? முதல் பெஞ்சுக்காரி கேட்டிருந்தாள். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் அவள் மருமகனுக்கு வேலை. பேத்தி இவளிடம்தான் வளர்கிறது. அந்தப் பிள்ளைக்கு க்ளூட்டன் ஆகாதாம். கோதுமை, மைதா எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போதாக்குறைக்கு, கொடுக்கிற எதையும் தின்ன மாட்டேன் என்று பிள்ளை மூஞ்சியைத் திருப்புகிறதாம். பள்ளிக்கூடத்துக்கும் பயணத்துக்கும் கையில் கொடுத்தனுப்புகிற மாதிரி என்ன தீனி இருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

பதில்களைப் படித்தேன். ஒருத்தி ஏதோ கடைப் படம் அனுப்பியிருந்தாள். ஒரு கைப்பிடித் தீனிக்குப் போட்டிருந்த விலைக்கு நாங்கள் அந்தக் காலத்தில் தீபாவளியே கொண்டாடியிருப்போம். ஒருத்தி கேள்வியைப் படிக்காமலே ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போட்டாள். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன், “நம்ம காலத்துல இதெல்லாம் ஏது, கல்லைத் தின்னாலும் செரிச்சோம்” என்று பெருமையடித்திருந்தான். எனக்கு வந்ததே கோபம். நான் என்ன வேறு காலத்திலா இருந்தேன்? ஐந்தாம் வகுப்பில் உங்கள் நடுவில்தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்?

க்ளூட்டன் என்கிற சொல் காரைக்காலுக்கு வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே அந்தச் சங்கடம் தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த ஒரு மழைக்காலத்தை எழுதுகிறேன். பேத்திக்கு உதவுமோ இல்லையோ, கடைசி பெஞ்சுக்காரனின் வாய்க்குப் பூட்டுப் போட உதவும்.

நான் ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன், ஞாபகமிருக்கும். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. அடிக்கடி வலி, அடிக்கடி வெளியே ஓட்டம். பூச்சி என்று சொல்லி வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்கள். கண் பட்டிருக்கிறது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். கருக்களாச்சேரியில் யாரோ மந்திரிக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போய் வந்தோம். அவர் என் நெற்றியில் விபூதி பூசி, எங்களுக்குச் சுட்ட நெத்திலி கொடுத்து அனுப்பினார். நெத்திலி நன்றாக இருந்தது. வயிறு அப்படியே இருந்தது. கடைசியில் அப்பா என்னைப் பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா, என்னென்னவோ பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஆமாம், கொண்டாட்டம்தான். சோறு தின்கிற ஊர் நம்முடையது. சுற்றிலும் வயல். “அரிசி ஆகாதுன்னு சொல்லிருந்தா என்ன கெதி?” என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள், பக்கத்துத் தெரு. “கோதும தானே. போனாப் போவுது, வடக்கத்தியான் திங்கிறது நமக்கெதுக்கு?” என்று சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு கிண்ணம் ரவா உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். நான் தின்றேன். இரவெல்லாம் துடித்தேன்.

மறுநாள் அப்பா கேட்டதற்கு அத்தைக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

“கோதுமையா? எந்தப் பாவி சொன்னது? நான் ரவைல்ல போட்டேன்.”

“ரவையே கோதும தாங்க்கா.”

“ஏன்டா, எனக்கே சொல்லித் தர்றியா? ரவை வெள்ளையா இருக்கும். கோதும செவப்பா இருக்கும்.”

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அடுத்த வாரம் வந்து பார்த்தார். விவரமானவர் என்று குடும்பத்தில் பேர். “ரவை குடுத்தாங்களா? அறிவில்ல?” என்று எல்லோரையும் திட்டிவிட்டு, பையிலிருந்து சேமியாப் பொட்டலத்தை எடுத்துப் பாயசம் வைக்கச் சொன்னார். தெருமுனைப் பேக்கரிக்காரரோ, “கோதுமைலாம் நம்ம கடைல கெடையாதுங்க, சுத்தமான மைதா” என்று என் கையில் பன்னைத் திணித்தார். எல்லோரும் அன்பாகத்தான் கொடுத்தார்கள். அன்பு செரிக்கவில்லை.

அப்பா அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர். எதற்கும் ஆதாரம் காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதுமை, ரவை, மைதா, சேமியா, பன் எல்லாவற்றையும் தட்டு தட்டாகக் கூடத்தில் பரப்பி வைத்து, அத்தை, மாமா, அம்மா எல்லோரையும் உட்கார வைத்து, “இவங்க அத்தன பேரும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க. மூஞ்சி வேற, குடும்பம் ஒண்ணு” என்று பாடம் நடத்தினார். அத்தை கடைசிவரை நம்பாமல் ரவையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அன்றோடு அந்தக் குடும்பம் முழுவதும் எங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது. எனக்கும் வலி பாதிக்கு மேல் குறைந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

இதில் என் பக்கத்துக் கோளாறு ஒன்றும் உண்டு. மறைப்பானேன், நான் மகா வாய்க்கொழுப்புக்காரி. சோறு குழம்பை எப்படியோ தள்ளிவிடுவேன். தீனி என்று வந்தால், கடித்தால் சத்தம் வர வேண்டும். சத்தம் வராத தீனி எனக்குத் தீனியே இல்லை. கொழுக்கட்டையா, வேண்டாம். வாழைப்பழமா, வேண்டவே வேண்டாம். அவல் நனைத்துக் கொடுத்தால் ஈரக் காகிதம் தின்கிற மாதிரி இருக்கிறது என்பேன். நம் ஊர் மழைக்காலத்தில் மொறுமொறுப்புக்கு ஆயுசு எவ்வளவு? கடற்காற்று பட்டால் காலையில் வாங்கிய பொரி மத்தியானத்துக்குள் நமுத்துப் போகும். கோதுமையும் இல்லாமல் மொறுமொறுவென்றும் இருக்கிற தீனிக்கு எங்கே போவது? “இவ நாக்க அறுத்துக் காக்காய்க்குப் போட்டா நான் நிம்மதியா இருப்பேன்” என்று அம்மா வாரத்துக்கு நாலு தடவை சொல்வாள்.

அந்த நேரத்தில்தான் கோலாட்டம் வந்தது.

பாட்டு டீச்சர் நம்மில் ஜோடி ஜோடியாகப் பொறுக்கி எடுத்தாரே, பாண்டியில் நடக்கிற பள்ளிக்கூட விழாவுக்கு. அதில் நானும் இருந்தேன். சிவப்பும் பச்சையும் சுற்றிய கோல், காலில் சலங்கை, ஊதாப் பாவாடை. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வரிசையில் என்னைச் சேர்த்திருந்தார்கள். அதுவரை விளையாட்டு என்றால் எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருப்பதுதான் என் வேலை. பாண்டிக்கு நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறேன். இப்போது ஆடப் போகிறேன். சலங்கையைக் கழற்றாமலே தூங்கினேன். அதற்கும் அடி வாங்கினேன்.

பாட்டு டீச்சர் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார்.

“உங்க பொண்ணு நல்லா ஆடுறா. ஆனா அங்க ரெண்டு ராத்திரி தங்கணும். காலைல உப்புமா, ராத்திரி சப்பாத்தி, நடுவுல ரொட்டி, பன்னு. இவளுக்குன்னு தனியா யாரும் ஆக்க மாட்டாங்க. மத்தியானம் சோறு கெடைக்கும். மத்த நேரத்துக்குக் கெட்டுப்போவாம, கையோட கொண்டுபோறாப்புல எதாச்சும் குடுத்து விடுங்க. இவளும் அதைத் திங்கணும். நடுவழில வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான்னா ஜோடி ஒடைஞ்சு போயிரும், வேற வழியில்ல.”

“நீங்க கவலப்படாதீங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்” என்றாள் அம்மா. அப்படிச் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாளிலிருந்து வீடு தீனிப் பட்டறை ஆகிவிட்டது. அத்தை அரிசியும் பயறும் வறுத்து அரைத்துப் பொருவிளங்காய் உருண்டை பிடித்தாள். அதற்குச் சத்தம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கீழே போட்டால் தரையே அதிர்ந்தது. கடிக்கத்தான் வழியில்லை. அப்பா அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கப் போய்க் கதவு பிளந்தது. அத்தையிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டார். கடலை மிட்டாய் பல்லில் ஒட்டிக்கொண்டது, வேண்டாம் என்றேன். எள்ளுருண்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா சீடை போட்டாள். அது எண்ணெயில் வெடித்து, ஒன்று சமையலறைச் சுவரிலும் ஒன்று மாமா நெற்றியிலும் பட்டது. விவரமானவர், அன்றோடு சமையலறைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் முறுக்கு. பச்சரிசி ஊறவைத்து, உரலில் இடித்து, உளுந்து வறுத்து, எல்லாம் வீட்டிலேயே. கடை மாவு வந்தால் மில்லில் யாருடைய கோதுமை ஒட்டியிருக்குமோ என்று அம்மாவுக்குப் பயம். சுட்டு எடுத்த முதல் முறுக்கை என்னிடம் நீட்டினாள். கடித்தேன். கடித்த சத்தம் வாசலில் நின்ற அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார். நான் அடுத்ததுக்குக் கை நீட்டினேன். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள்.

அன்று இரவு எனக்கு வயிறு வலித்தது.

நீங்கள் அம்மா பக்கத்தில் நின்று யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைக்கு வயிற்றில் ஏதாவது என்றால் முதல் மருந்து எது? பெருங்காயம். அப்போதுதான் கடையில் தூள் டப்பா வந்திருந்தது. கட்டியைத் தட்டி ஊறவைக்கிற வேலை இல்லை என்று அம்மாவுக்கு அதன்மேல் ஒரே பிரியம். வலிக்கிறது என்றதும் மோரில் ஒரு கரண்டி காயத்தூள் கலக்கிக் கொடுத்தாள். வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டாள். அடுத்த நாள் முறுக்கு மாவில், வாயு பிடித்திருக்கும் என்று, இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டாள். எனக்கு வலி கூடியது. வலி கூடியதால் அவள் காயத்தைக் கூட்டினாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாசனை இன்னும் மறந்திருக்காது. ரசம் நடந்து வருகிறது என்று சொன்னவர் யார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முறுக்கில் கோதுமை இல்லை. வீட்டிலும் கோதுமை இல்லை. அப்படியென்றால் வலி எங்கிருந்து வருகிறது? பெரியவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது. பிள்ளை வெளியே திருட்டுத்தனமாகத் தின்கிறது.

அதற்கு ஆதாரமும் கிடைத்தது. அப்பா என் புத்தகப் பையைக் கவிழ்த்தபோது பிஸ்கட் தூள் கொட்டியது.

“இது என்னாது?” என்றார் அப்பா.

“அது என்னுது இல்லப்பா. நான் திங்கல.”

“பைல எப்படி வந்துச்சு? காலு மொளைச்சு வந்துச்சா?”

“சத்தியமா நான் திங்கலப்பா.”

என் பெஞ்சுத் தோழியே, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். பிஸ்கட் தின்னக் கூடாதவளின் பையை எந்த டீச்சரும் சோதிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு உன் பொட்டலத்தை என் பையில் ஒளித்து வைத்தாய் அல்லவா? நான் அதைப் பற்றி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, நீ அடி வாங்குவாய் என்று. உன் மகள் கல்யாணத்தில் எனக்கு இரண்டாவது தடவை பாயசம் வைக்காமல் போனாயே, அதற்காக இப்போது சொல்கிறேன்.

அம்மா அழவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்கு மோசமாக இருந்தது. “கண்ணு முன்னாலயே இப்படிப் பொய் சொல்ற. உன்ன நம்பி நான் எப்படி ரெண்டு நாளு வெளியூருக்கு அனுப்புவேன்?” என்றாள். மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு வந்து பாட்டு டீச்சரிடம், “அவ திருட்டுத்தனமா கண்டதையும் திங்கிறா டீச்சர். அங்க வந்து உங்களுக்குத் தொந்தரவு வேணாம். வேற புள்ளைய போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் கேட்கும்படி. என் கோல்களை வாங்கி டீச்சர் வேறொருத்தியிடம் கொடுத்தார். நான் மறுபடி செருப்புக்குக் காவல் இருந்தேன். பாண்டிப் பயணம் கைவிட்டுப் போனதுகூடப் பெரிதில்லை. பொய் சொல்லாதபோது பொய்க்காரி ஆவது இருக்கிறதே, அதைப் பத்து வயதில் தாங்குவது கஷ்டம். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். உங்கள் செருப்புகள்தான் சாட்சி.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். பாய் வருகிற மாதத்தில் தெரு முழுக்கச் செண்ட் வாசம் வரும். மற்ற மாதங்களில் பெரியம்மா தனியாகத்தான் இருப்பார். எனக்கு நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. தெருவுக்கே தெரிந்திருந்தது.

“ஏன் புள்ள மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு? வா, வந்து உக்காரு. அரிசி மாவுலதான் சுட்டேன், தேங்காப்பாலு ஊத்தி. வேற ஒண்ணும் இல்ல, தின்னு” என்று முறுக்கை நீட்டினார். வெள்ளையாக, மெல்லிசாக இருந்தது. அதுவும் சத்தம் போட்டது. என் அம்மா மேலிருந்த கோபத்தில், தட்டில் இருந்ததை முழுக்கத் தின்றேன். போகும்போது மடியிலும் கட்டிக்கொடுத்தார்.

அன்று இரவு வலி இல்லை. மறுநாளும் அங்கே போய்த் தின்றேன். அம்மா வைத்த முறுக்கையும் மோரையும் தொடவில்லை. வலி இல்லை.

இதை நான் சந்தோஷமாக வீட்டில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“ஓஹோ. நான் இடிச்சு, சலிச்சு, வேர்வ சிந்திச் சுட்டா வயிறு வலிக்கும். அடுத்த வூட்டுல சுட்டா வலிக்காது. அப்படித்தானே?”

“நெசமாத்தாம்மா.”

“இக்கரைக்கு அக்கரை பச்சைடி ஒனக்கு. ஒங்கப்பனுக்கும் ஒங்கத்தை வச்ச கொழம்புதான் ருசிக்கும். குடும்பமே இப்படித்தான்.”

அப்பா அந்த இடத்திலிருந்து சத்தமில்லாமல் எழுந்து போனார்.

அம்மாவுக்கு ரோஷம் தாங்கவில்லை. தேங்காய்ப்பாலில்தான் என்னவோ சூட்சுமம் இருக்கிறது என்று முடிவுக்கு வந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளும் தேங்காய்ப்பால் ஊற்றி ஓர் ஈடு முறுக்குச் சுட்டாள். என் எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் தின்ன வைத்தாள். இரவு வந்தது. வலியும் வந்தது. அவள் அறியாமல் எங்கேயும் போகவில்லை, எதையும் தின்னவில்லை, நாள் முழுக்க அவள் புடவைத் தலைப்பிலேயே இருந்தேன். அதனால் அன்று அவள் என்னைத் திட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் மழை. பள்ளிக்கூடம் விடுமுறை. வலி நிற்கவில்லை என்று, பற்றுப் போடுவதற்காக அம்மா ஒரு சின்னச் சட்டியில் தண்ணீர் வைத்து, காயத்தூளை அள்ளிக் கொட்டினாள். இந்தத் தடவை அரை டப்பா. அந்த நேரம் எதிர்வீட்டுப் பெரியம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மழையில் ஓடி வந்தார். கையில் மூடி போட்ட தூக்குவாளி.

“தங்கச்சி, புள்ள நேத்து வரலியேன்னு வந்தேன். ஒடம்பு சரியில்லியா?”

“வாங்கக்கா, உக்காருங்க. மறுபடி வயிறு வலிக்குது. ஒங்க கைல என்னக்கா மந்திரம் வச்சிருக்கீங்க? ஒங்க முறுக்கத் தின்னா மட்டும் வலிக்கல. நானும் தேங்காப்பாலு ஊத்திச் சுட்டேன். அதே வலி.”

“என்ன தங்கச்சி, மந்திரம் கிந்திரம்னுட்டு. தேங்காப்பாலு, அரிசி மாவு, உளுந்து மாவு, சீரகம், உப்பு. அவ்வளவுதான்.”

“காயம் எவ்வளவு போடுவீங்க?”

“காயமா? எங்க வூட்டுல காயம் பொழக்கமே இல்லியே. அவங்களுக்கு அந்த வாசமே ஆவாது.”

“காயம் போடாமலா முறுக்கு? அதெப்படிக்கா, புள்ளைக்கு வயித்துல வாயு...” என்று ஆரம்பித்த அம்மா அப்படியே நிறுத்திவிட்டாள். காயம் போட்டால்தான் வலிக்காது என்றால், காயம் போடாததைத் தின்று பிள்ளை நன்றாக இருந்ததே. அந்த யோசனை அவள் முகத்தில் ஏறுவதை நான் பாயில் படுத்தபடி பார்த்தேன்.

“தங்கச்சி, அடுப்புல என்ன, கஞ்சியா காச்சுற? அடி புடிக்கப் போவுது” என்றார் பெரியம்மா.

பேச்சில் அடுப்பை மறந்திருந்தாள் அம்மா. ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள். உள்ளே கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. தூக்கினால் கொழகொழவென்று கூடவே வந்தது. பெரியம்மா ஒரு விரலால் தொட்டு, கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்துப் பார்த்தார்.

“இது நோட்டுக்கு அட்ட ஒட்டுற பசையாட்டம்ல இருக்கு?”

நமக்கெல்லாம் தெரியுமே, அட்டை ஒட்டுகிற பசை எப்படிக் காய்ச்சுவோம் என்று. மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்தால் போதும்.

அப்பாவுக்கு ஆபீஸ் போகிற அவசரம். ஆனாலும் ஆதாரம் என்றதும் வந்துவிட்டார். பழைய செய்தித்தாளைக் கிழித்து, அந்தப் பசையைத் தடவி, பிளந்து போன கதவில் ஒட்டி, மழைக்காற்றில் நின்று கொஞ்ச நேரம் ஊதினார். பிறகு இழுத்துப் பார்த்தார். காகிதம்தான் கிழிந்தது, ஒட்டியது விடவில்லை. “சுத்தமான பெருங்காயம் கரையும். இப்படி ஒட்டாது. இதுல மைதாவக் கலந்துதான் தூளாக்கிருக்கான்” என்றார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் பரப்பி வைத்தபோது அவருக்கே அகப்படாத பிள்ளை அது. எங்கள் அஞ்சறைப் பெட்டியில், மருந்து என்ற பேரில், சொகுசாக உட்கார்ந்திருந்தது.

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். வலியாவது ஒன்றாவது. “நான் திங்கலன்னு சொன்னேன்ல? சொன்னேன்ல?” என்று கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. இதை என் வீட்டுக்காரர் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தானே அள்ளி அள்ளிப் போட்டேன். வலிக்குது வலிக்குதுன்னு சொல்லச் சொல்ல, நாந்தானேக்கா போட்டேன்” என்று பெரியம்மாவிடம் சொன்னாள். பெரியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “புள்ள நல்லா இருக்கணும்னுதானே போட்ட? எழுந்திரு. நான் மாவு பெசையுறேன், நீ புழி” என்றார். அன்று எங்கள் அடுப்பில் இரண்டு பேருமாகச் சுட்டார்கள். பிழிவது சரியில்லை என்று அவர்களுக்குள் சண்டைகூட வந்தது. நமுத்துப் போகாமல் இருக்க, துபாயிலிருந்து வந்த பால்பவுடர் டப்பா ஒன்றைப் பெரியம்மா கொண்டுவந்தார். மூடியைத் திறக்கக் கரண்டிக்காம்பு வேண்டும், அவ்வளவு இறுக்கம்.

எல்லாம் சரி. கோல் என் கையில் இல்லையே. பாண்டிக்கு மறுநாள் காலையில் பஸ்.

மழை விட்ட மத்தியானத்தில் அம்மா டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். கடைசி ஒத்திகைக்கு உங்களையெல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தீர்கள். என் இடத்தில் நின்றவளுக்கு, அம்மாவை விட்டு இரண்டு ராத்திரி இருக்க வேண்டுமே என்று காலையிலிருந்து அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள்தான் முதலில் சிரித்தாள்.

“நீங்கதானேம்மா வந்து சொன்னீங்க, அவ திருட்டுத்தனமா திங்கிறா, வேணாம்னு?” என்றார் பாட்டு டீச்சர். “இப்ப கூட்டிக்கிட்டு வந்தா எப்படி?”

அம்மா கையோடு கொண்டுவந்த கரண்டிக்காம்பால் மூடியை நெம்பித் திறந்து டப்பாவை நீட்டினாள். டீச்சர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். “காயம் மட்டும் கொஞ்சம் கம்மியோ?”

என் அம்மாவின் சமையலை ஒரு சொல் குறை சொன்னவர்கள் அதற்கு முன்பு யாரும் தப்பியதில்லை. நான் பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“கம்மி இல்லீங்க டீச்சர், போடவே இல்ல” என்றாள். பிறகு, அன்று அவள் திருடி என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டதே, அதே குரலில், அதே அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். “எம் பொண்ணு எதையும் திருடித் திங்கல. வலிக்குதுன்னு அவ சொன்னா வலிக்குதுன்னுதான் அர்த்தம். நான் நம்பாம இருந்துட்டேன். அங்க நான் இருக்க மாட்டேன். நீங்களாச்சும் அவ சொன்னா நம்புங்க.”

டீச்சர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அந்த அழுகுணியிடமிருந்து கோல்களை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றேன். என் செருப்புக்கு அன்று யாரும் காவல் இருக்கவில்லை, அம்மாதான் பக்கத்தில் நின்றாள்.